முதல் மடக்கு மாஸ்டருக்கு

அந்தப் பெண் உட்கார்ந்ததும் எங்கள் ஆபீஸ் நாற்காலி ஒரு முனகல் முனகியது. நானும் தினமும் அதில்தான் உட்காருகிறேன். என்னிடம் அது ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

என் பெயர் குச்சி. பெற்றவர்கள் வைத்தது வேறு. உடம்பைப் பார்த்து மேடம் வைத்தது இது, நிலைத்துவிட்டது. மேடம் என்றால் என் முதலாளி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். செத்துப்போய்விட்டதாகப் பணம் கேட்ட ஆசாமியை சினிமாத் தியேட்டர் வரிசையில் வைத்துப் பிடித்தார் என்பார்கள். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நாற்காலி இருக்கிற இடத்தில் அவர் நின்று நான் பார்த்ததில்லை.

வந்த பெண் எடை தூக்கும் வீராங்கனை. கூடப் பயிற்சி செய்பவர்கள் அவளைக் கிரேன் என்று கூப்பிடுகிறார்களாம். தேசிய அணியில் இடம் கிடைத்த கையோடு சிறுநீர்ச் சோதனையில் மாட்டிக்கொண்டாள். தசை வளர்க்கும் தடை செய்யப்பட்ட மருந்து.

"இன்னிக்கு சாயங்காலம் கமிட்டி கூப்பிட்டிருக்கு மேடம். நாலு வருஷம் தடை போடப் போறாங்க."

"சாப்ட்டியா?"

"காலையிலேருந்து ஒண்ணும் எறங்கல மேடம்."

"மருந்தக் கேட்டேன்."

"இல்ல மேடம். எங்கப்பா மேல சத்தியமா இல்ல."

"எவ்வளவு இருந்துச்சாம் உடம்புல?"

"ரொம்ப ரொம்பக் கொஞ்சம்தானாம். ஆனா அளவு முக்கியமில்ல, உன் உடம்புல இருந்தா நீதான் பொறுப்புங்கறாங்க. எப்படி உள்ள போச்சுன்னு காட்டு, யோசிக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

"அதுல தப்பில்ல," என்றார் மேடம். "எனக்குத் தெரியாதுன்னு சொல்ற ஒவ்வொருத்தனையும் விட்டா, அப்புறம் சோதனை எதுக்கு. என்னென்ன சாப்பிடுவ, சொல்லு."

வீட்டுச் சாப்பாடு. பவுடர், மாத்திரை எதுவும் கிடையாது. பயிற்சி ஹாலில் தண்ணீர் மட்டும்.

"அந்தத் தண்ணியும் எங்களுக்குச் சொல்லிக்குடுக்கற மாஸ்டர் பொறுப்பு மேடம். எங்க பாட்டிலையெல்லாம் அவர் ரூம்லயே பூட்டி வைப்பார். பயிற்சி ஆரம்பிக்கிறப்ப ஒவ்வொண்ணா தொறந்து, எல்லார் முன்னாடியும் வாய் வச்சு ஒரு மடக்கு குடிச்சுட்டுத்தான் எங்க கையில குடுப்பார். யாராவது எதையாவது கலந்துட்டா என்ன பண்றதுன்னு. என் பிள்ளைங்களுக்கு வர்றது மொதல்ல எனக்கு வரட்டும்பார்." ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது. "மொதல் பாட்டில் எப்பவும் என்னுதுதான்."

"இப்ப என்ன சொல்றார் அந்தப் புண்ணியவான்?"

மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. "கடையில ஏதோ பவுடர் டப்பா வாங்கித் தெரியாம சாப்ட்டுட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றார். ஒத்துக்கிட்டா தண்டனை பாதியா கொறையுமாம்."

"போட வேண்டியதுதானே. எதுக்கு இங்க வந்த?"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள். எனக்கு மேஜையை நினைத்துக் கவலையாக இருந்தது.

"எங்கப்பா பஸ் டிரைவர் மேடம். விஷயம் தெரிஞ்சதும் ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். என் மெடலையெல்லாம் சுவத்துலேருந்து கழட்டி, பழைய பெட்ஷீட்ல சுத்திப் பரண்ல போட்டுட்டார். அன்னிலேருந்து என்கூடப் பேசறதில்ல. நான் கையெழுத்துப் போட்டா, அவர் நெனச்சது சரின்னு ஆயிடும்."

மேடம் எழுந்து நின்றார். நாற்காலி இருக்கும்போதே எழுந்து நின்றார். நான் கார் சாவியை எடுத்தேன்.

* * *

பயிற்சி ஹாலின் தரை முழுக்கக் கறுப்பு ரப்பர். தூக்கியதைக் கீழே போட்டால் ஹாலே ஒரு குலுங்கு குலுங்கும். கை வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைப் பவுடர் எல்லார் கையிலும், கதவுக் கைப்பிடியிலும், கொஞ்ச நேரத்தில் என் பேண்டிலும் இருந்தது. சுவரில் ஒரு வரிசை வீரர்கள் படம். அதற்கு மேலே மூன்று வரிசை மாஸ்டர் படம்: கண்ணாடி முன்னால் மாஸ்டர், கண்ணாடி முன்னால் கையை மடக்கிய மாஸ்டர், கண்ணாடி முன்னால் வேறு கையை மடக்கிய மாஸ்டர். எடை தூக்குவது யார் என்று வருகிறவன் குழம்பிவிடக் கூடாதே.

அசல் மாஸ்டர் தன் அறையிலிருந்து வந்தார். ஐம்பது தாண்டியவர். போட்டிருந்த டி-ஷர்ட் அவர் மகனுக்கு எடுத்திருக்க வேண்டும். கழுத்தெல்லாம் பருக்கள், இந்த வயதில். தலையில் காது வரை இழுத்துவிட்ட தொப்பி, அதற்குக் கீழே முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மீசை. சிவந்த கண்ணைத் தேய்த்தபடி ஒரு சின்னக் குப்பியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"மன்னிக்கணும் மேடம். இந்த வெள்ளப் பவுடர் கண்ணுக்கு ஒத்துக்கல. சொட்டு மருந்து விட்டுட்டு வர்றேன்." வாயில் எதையோ உருட்டிக்கொண்டே பேசினார். புதினா வாசனை எங்கள்மேல் அடித்தது.

மேடம் கண்ணில் பட்ட ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார். "பொண்ணு உடம்புக்கு மருந்து எங்கேருந்து வந்துச்சு?"

"வெளியிலேருந்து. வேற எங்கேருந்து வரும்?" குரலை உயர்த்திக்கொண்டார், ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இந்தக் கூரைக்குக் கீழ ஒரு சொட்டு ஊக்க மருந்து வந்துச்சுன்னு யாராவது நிரூபிக்கட்டும். இத எடுத்துடறேன்." மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார்.

"வெளியிலன்னா?"

"முனையில ஒரு டப்பாக் கடை இருக்கு. அவன்தான் பிள்ளைங்களக் கெடுக்கறான். போங்க, போய்ப் பாருங்க. இது சின்னப் பொண்ணு, ஏதோ ஆசப்பட்டு வாங்கித் தின்னுருக்கும். நான் அப்பவே மன்னிச்சுட்டேன்."

கிரேன் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிக்கிறாராம். வாடகைக்குக் கிடைக்குமா இந்தப் பெரிய மனசு என்று கேட்க நாக்கு துடித்தது. மேடம் என் காலை மிதித்தார்.

அப்போது, ரோடு ரோலர் என்று கிரேன் கூப்பிட்ட ஓர் ஆள், தூக்கியதைத் தடாலென்று போட்டுவிட்டு வந்து பெஞ்சில் இருந்த பாட்டிலை எடுத்தார். மடமடவென்று பாதியைக் காலி செய்தார்.

"மாஸ்டர் குடிச்சுப் பாக்கலையா தம்பி?" என்றார் மேடம்.

"இப்பல்லாம் பாக்கறதில்ல மேடம். இவங்க ரிசல்ட் வந்ததுலேருந்து விட்டுட்டார். நீங்களே பாத்துக்குங்க, வளந்துட்டீங்கன்னுட்டார்."

"ம்," என்றார் மேடம். அந்த 'ம்' எனக்கு நன்றாகத் தெரியும். அது வந்த பிறகு எனக்குச் சாப்பிட நேரம் கிடைக்காது.

* * *

கிரேனை ஹாலிலேயே விட்டுவிட்டு நாங்கள் போன முனைக் கடையில் டப்பாக்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நெஞ்சு, இரண்டு தோள், வரி வரியாக வயிறு. ஒன்றில்கூடத் தலை கிடையாது.

"தலை எதுக்கு," என்றார் மேடம் என் காதருகே. "அது இருக்கிறவன் இங்க வரமாட்டான்."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண்ணில் கருணை பொங்கியது. "தம்பிக்குத்தானே? மூணே மாசம். சட்டை கிழியும்."

"அது ஏற்கெனவே கிழிஞ்சுதாங்க இருக்கு."

"டப்பா வேணாம்," என்றார் மேடம். "உள்ள வச்சிருப்பீங்களே, அதக் காட்டுங்க. பையனப் பாருங்க, இவனுக்கு யார் பொண்ணு குடுப்பா."

பெற்ற தாயின் கவலையாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மேஜைக்கு அடியில் கையை விட்டு ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். மூடியிலேயே சொட்டு விடும் குழாய். லேபிளில் எறும்பு சைஸ் எழுத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்கள் உட்கொள்ளக் கூடாது' என்று இருந்தது.

"மனுஷங்க சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"அது சும்மா சட்டத்துக்கு மேடம். நான் யாரையும் சாப்பிடச் சொன்னதே கெடையாது. ஆராய்ச்சி பண்ணுங்கன்னுதான் சொல்வேன்."

"இந்தத் தெருவுல இத்தன விஞ்ஞானிங்களா?" என்றேன்.

"சாப்ட்டா என்ன ஆகும்?" என்றார் மேடம்.

"உடம்பு வரும்."

"உடம்பு வரும்," என்று மேடம் என் பக்கம் திரும்பினார். "முடி போகும். ஈரல் போகும். மூஞ்சி, கழுத்தெல்லாம் பரு வரும். காரணமில்லாம கோவம் வரும். முக்கியமான சிலது சுருங்கும்."

"எது மேடம்?"

"கல்யாணம் ஆகட்டும், சொல்றேன்." மறுபடி கடைக்காரரிடம், "போட்டிக்குப் போற பொண்ணுங்க இத வாங்குவாங்களா?"

அவர் பதறிப்போனார். "ஐயோ, சோதனை இருக்கிறவங்க பக்கமே நான் போறதில்லீங்க. அவங்க மாட்டினா ஆளுங்க நேரா இங்கதான் வருவாங்க. எனக்கு வாடிக்கையெல்லாம் பெரிய மனுஷங்க. அம்பது வயசுக்கு மேல வாலிபம் திரும்பினவங்க. அவங்களுக்குப் போட்டியே கண்ணாடிகூடத்தான்."

"எப்படிச் சாப்பிடணும்? மன்னிக்கணும், எப்படி ஆராய்ச்சி பண்ணணும்?"

"நாக்குக்கு அடியில விட்டு அப்படியே கொஞ்ச நேரம் வச்சிருக்கணும். பெட்ரோல் நாத்தம் நாறும், கொடலப் பொரட்டும். அதுக்குத்தான் இது." ஒரு கண்ணாடி ஜாடியைத் தள்ளினார். பச்சைக் கோடு போட்ட புதினா மிட்டாய். "குப்பி வாங்கறவங்களுக்கு இலவசம். மொத்தமா வெளியூர்லேருந்து எறக்கறேன், இந்தப் பக்கம் வேற கடையில கெடைக்காது."

இலவசம் என்று காதில் விழுந்தால் என் கை என் பேச்சைக் கேட்காது. ஒரு கைப்பிடி அள்ளிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மேடம் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

காரில் ஏறியதும் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டேன். மேடத்தின் மூக்கு என் பக்கம் திரும்பியது.

"குச்சி, இந்த வாசனை இன்னிக்கு இதுக்கு முன்னாடி எங்க அடிச்சுது?"

நான் சப்புவதை நிறுத்தினேன்.

"வண்டியத் திருப்பு," என்றார்.

* * *

மாஸ்டர் கண்ணாடி முன்னால் நின்று செல்போனில் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். மேடம் பயிற்சியை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டார். அவர்கள் வந்து சுற்றி நின்றதும் ஹாலில் வெளிச்சமே குறைந்தது.

"கண்ணு எப்படி இருக்கு மாஸ்டர்?"

"அதே எரிச்சல்தான் மேடம். கடைக்காரன் ஒத்துக்கிட்டானா?"

"அவன் கெடக்கறான். எனக்கொரு சந்தேகம். கண்ணுக்கு மருந்து விட்டா, வாய்க்கு எதுக்கு மிட்டாய்?"

நான் பாக்கெட்டிலிருந்து பச்சைக் கோடு மிட்டாய் ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினேன். மாஸ்டர் கன்னத்தில் உருண்டுகொண்டிருந்தது நின்றது. ஆனால் அவர் சிரித்தார்.

"என்ன மேடம், படிச்சவங்க நீங்க. கண்ணுல விட்ட மருந்து தொண்டைக்கு எறங்கும். கசக்கும். எந்த டாக்டர வேணா கேளுங்க."

"உண்மைதான்," என்றார் மேடம். "எங்க அண்ணிக்கும் அப்படித்தான் கசக்கும்."

எனக்குப் பகீரென்றது. இவ்வளவு தூரம் வந்து இவரே அந்த ஆளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறாரே.

"நான்தான் தப்பா நெனச்சுட்டேன். பாவம், கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு. என் முன்னாடி ரெண்டு சொட்டு விட்டுக்குங்க. மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

மாஸ்டர் அசையவில்லை.

"விட்டுக்குங்க மாஸ்டர்," என்றாள் கிரேன். அவள் மனதில் கள்ளம் இல்லை. "நான் வேணா தலையப் பிடிச்சுக்கவா?"

வேறு வழியில்லாமல் குப்பியை எடுத்தார். மூடியைத் திருகினார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பெட்ரோல் நாற்றம் என் மூக்கு வரை வந்தது. மாஸ்டர் அண்ணாந்தார். குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. கண்ணுக்கு மேலே அந்தக் கை நின்றது, சொட்டு இன்னும் கொஞ்சம் பெரிதானது. பெட்ரோலைக் கண்ணில் விட்டுக்கொள்ள ஆசை பாதி வேண்டும், தைரியம் பாதி வேண்டும். மாஸ்டரிடம் ஆசை மட்டும்தான் இருந்தது. அவர் ஒரு காரியம் செய்தார். குப்பியைக் கீழே போட்டார்.

"அடச்சே. கை வழுக்கிடுச்சு."

எந்தத் தரை என்று அந்த மனிதர் மறந்துவிட்டார். இரும்பு விழுந்தாலே ஒன்றும் ஆகாத ரப்பர். குப்பி ஒரு துள்ளு துள்ளி, உருண்டு, கிரேனின் காலருகே போய் நின்றது. ஒரு கீறல்கூட விழவில்லை. அவள் குனிந்து எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இது கண்ணு மருந்து இல்ல மாஸ்டர்," என்றாள் மெதுவாக.

மேடம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "மிட்டாய்ல எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே ஒண்ணு இடிச்சுது. காவலுக்கு நிக்கறவன் எப்ப முழிச்சிருப்பான்? திருட்டுப் போன மறுநாள் முழிச்சிருப்பான். இந்த மனுஷன் யாருமே எதுவும் கலக்காதப்ப தினமும் வாய் வச்சுப் பாத்தார். நெஜமாவே ஒரு பொண்ணு மாட்டினதும் பாக்கறத விட்டுட்டார். யாரோ கலந்துட்டான்னு நம்பியிருந்தா அன்னிலேருந்து ரெண்டு மடக்கு குடிச்சிருப்பாரே. ஏன் விட்டார்? மருந்து எந்த வாயிலேருந்து தண்ணிக்குப் போச்சுன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு."

ரோடு ரோலர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு அதைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தார்.

"ரூம்ல மருந்து. உடனே வெளில வந்து மொதல் பாட்டில்," என்றார் மேடம்.

"மொதல் பாட்டில் என்னுது," என்றாள் கிரேன். காலையில் இதே வார்த்தையைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை நான் பார்த்திருந்தேன். இப்போது பார்க்க முடியவில்லை.

மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது. "நான் என்ன போட்டிக்கா போறேன்? என் உடம்பு, என் இஷ்டம். எனக்கென்ன தெரியும், எச்சில்ல போகும்னு? வேணும்னா பண்ணினேன்?"

"இல்ல. எச்சில் வேணும்னு பண்ணினதில்ல," என்றார் மேடம். "கையெழுத்துப் போடச் சொன்னீங்களே, அது வேணும்னு பண்ணினது."

அற்பர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், தொழில் அப்படி. திருடனுக்குக்கூட மாட்டிக்கொண்டால் முகத்தில் ஒரு கூச்சம் வரும். இந்த ஆள் அந்த நேரத்திலும் ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அந்தக் குப்பி என்னுதுன்னு யார் சொன்னது?" என்றார். "நான் கமிட்டிக்கு வந்து ஒத்துக்குவேன்னு நெனச்சீங்களா?"

"ஒத்துக்க வேணாம். இத்தன பேர் சாட்சி இருக்கோம். உங்க உடம்புல இந்த மருந்து ஊறியிருக்குன்னு காட்டக் கொஞ்சம் முடி போதும். முடியில மாசக்கணக்கா தங்கும்."

மாஸ்டர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. தொப்பியைக் கழற்றினார். உள்ளே சுத்தம். சாப்பிட்ட மருந்து தலையில் ஒரு முடியைக்கூட விட்டுவைக்கவில்லை. "எடுத்துக்குங்க மேடம். எவ்வளவு வேணும்?"

"தலை எதுக்கு?" என்றார் மேடம். "மீசை இருக்கே."

அவர் கை தானாக மீசைக்குப் போனது.

"காலையில நீங்கதானே மாஸ்டர் எல்லாரும் கேக்கச் சொன்னீங்க," என்றார் ரோடு ரோலர். "ஒரு சொட்டு வந்துச்சுன்னு நிரூபிச்சா எடுத்துடறேன்னு."

மாஸ்டர் கதவைப் பார்த்தார். கதவு தெரியவில்லை, அவருடைய பிள்ளைகள்தான் தெரிந்தார்கள். அங்கே நின்றவர்களில் நோஞ்சான்கூட அவரைத் தலைக்கு மேல் தூக்கிவிடுவான். ஆனால் யாரும் அவரைத் தொடவில்லை. கிரேன் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, விரலுக்குச் சுற்றும் டேப்பை வெட்டுகிற கத்தரியை எடுத்து வந்து நீட்டினாள்.

"நீங்களே எடுங்க மாஸ்டர்."

கண்ணாடி முன்னால் நின்று அவரே எடுத்தார். இந்தத் தடவை அவர் படம் எடுத்துக்கொள்ளவில்லை. நான் ஒரு கவரில் வாங்கி ஒட்டினேன். மீசை போன முகத்தில் உதடு மட்டும் பெரிதாகத் தெரிந்தது, அது துடித்துக்கொண்டிருந்தது.

"உன்ன இந்த எடத்துக்குக் கொண்டுவந்தது நான்," என்றார் கிரேனிடம். "நாளைக்கு நீ ஜெயிச்சு நிக்கறப்ப யார் சொல்லிக்குடுத்தான்னு கேப்பாங்க. அப்ப என் பேரச் சொல்வியா?"

அவள் கத்தரியைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

"இன்னிக்கு சாயங்காலமே சொல்றேன் மாஸ்டர்," என்றாள். "கமிட்டிகிட்ட."

தன் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு வரை கொட்டினாள். பிறகு பாட்டிலையே குப்பையில் போட்டுவிட்டு எங்களோடு வெளியே வந்தாள்.

காரின் பின் சீட்டில் உட்கார்ந்து வெகுநேரம் செல்போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பாதி வழியில்தான் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது, பிறகு ஒரு ஆணின் குரல். அவள் நடந்ததைச் சொன்னாள். மாஸ்டரைத் திட்டாமல், அழாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தேன்.

அவள் அப்பா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"வேணாம்ப்பா," என்றாள். "நீங்க ஸ்டூல் போட்டு ஏறாதீங்க. பரண்லேருந்து நானே வந்து எறக்கிக்கறேன்."